கட்டளைக்கும் கைக்கும் நடுவே

கூட்டத்தைச் சுடச் சொல்லி உத்தரவு போடுகிறவர் துப்பாக்கியைத் தொடுவதில்லை. உத்தரவு மேலிடத்திலிருந்து அதிகாரிக்கும், அதிகாரியிடமிருந்து சிப்பாய்க்கும் இறங்கி வந்து, கடைசியில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஓர் இளைஞனின் விரலில் நிற்கிறது. அந்த விரல் அசையுமா, அசையாதா என்பதில் பல ஆட்சிகளின் ஆயுள் அடங்கியிருக்கிறது. போராட்டங்கள் வென்றதையும் தோற்றதையும் தலைவர்களின் பேச்சைக் கொண்டும் பொருளாதார நெருக்கடியைக் கொண்டும் விளக்குவதே வழக்கம். கடந்த 70 ஆண்டுகளின் சமூக உளவியல் வேறொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறது: மனிதர் எதனால் கீழ்ப்படிகிறார், எப்போது மறுக்கிறார், எதிரே நிற்கும் கூட்டம் அவரை எப்படி நடத்துகிறது என்பதற்கும் அந்த மறுப்புக்கும் தொடர்பு உண்டா?

சுற்றியிருப்பவர்களின் வாய் ஒருவரின் கண்ணை எவ்வளவு தூரம் வெல்லும் என்று அளந்து காட்டியவர் சாலமன் ஆஷ். 1950களின் தொடக்கத்தில் அவர் நடத்திய சோதனை மிக எளியது. ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளம் மூன்றில் எதற்கு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தனியே கேட்டால் 100 தடவையில் ஒரு தடவைகூடத் தவறு வராத கேள்வி. ஆஷ் ஒரு மாணவரை ஏழெட்டுப் பேரோடு உட்கார வைத்தார். அந்த ஏழெட்டுப் பேரும் ஆய்வாளரின் ஆட்கள். சில சுற்றுகளில் அவர்கள் பேசி வைத்துக்கொண்டு ஒரே தவறான விடையை உரக்கச் சொன்னார்கள். அந்தச் சுற்றுகளில் மாணவர்கள் சொன்ன விடைகளில் ஏறக்குறைய 37 விழுக்காடு கூட்டத்தோடு சேர்ந்து தவறாயின. நான்கில் மூவர் ஒரு தடவையாவது ஒத்துப் போனார்கள்.

பாடநூல்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிட்டு, மனிதர் மந்தைப் புத்திக்காரர் என்று முடிவு கட்டுகின்றன. ஆஷின் எண்கள் அப்படிச் சொல்லவில்லை. மூன்றில் ஏறக்குறைய இரண்டு விடைகள் சரியாகவே இருந்தன. நான்கில் ஒருவர் ஒருமுறைகூட வளையவில்லை. அதைவிட முக்கியம், அவர் பிறகு செய்த மாற்றங்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், ஒத்துப்போதல் கால் பங்காகக் குறைந்தது. அந்த ஒருவர் மற்றவர்களைவிட மோசமான தவறைச் சொன்னால்கூட அழுத்தம் தளர்ந்தது; அவர் சொன்னது சரியா என்பதைவிட, ஒருமித்த குரல் உடைந்துவிட்டது என்பதே பெரிதாக இருந்தது. துணையாக இருந்தவர் பாதியில் கட்சி மாறினால் மாணவர்கள் மறுபடி வளைந்தார்கள்.

ஆஷிடம் பணியாற்றிய ஸ்டான்லி மில்கிராம் 1961 ஆகஸ்டில் யேல் பல்கலைக்கழகத்தில் இன்னும் கடுமையான ஒன்றைத் தொடங்கினார். யூதர்களைக் கொலைமுகாம்களுக்கு அனுப்பிய அடால்ஃப் ஐக்மன் மீதான விசாரணை அப்போது ஜெருசலேமில் நடந்துகொண்டிருந்தது. நினைவாற்றல் ஆய்வு என்று சொல்லி வரவழைக்கப்பட்டவர், அடுத்த அறையில் நாற்காலியோடு கட்டப்பட்ட இன்னொருவர் தவறாக விடை சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். கருவியில் 30 விசைகள். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை. மின்சாரம் உண்மையில் பாயவில்லை, கட்டப்பட்டவர் நடிப்பவர். சாம்பல் நிற மேலங்கி அணிந்த ஆய்வாளர் பின்னால் உட்கார்ந்து, தயங்கும்போதெல்லாம் தொடரச் சொல்வார். முதல் சோதனையில் 40 பேரில் 26 பேர் கடைசி விசைவரை போனார்கள். ஆயிரத்தில் ஒருவர்தான் போவார் என்று மனநல மருத்துவர்கள் முன்கூட்டிச் சொல்லியிருந்தார்கள்.

மில்கிராமையும் இந்த 26 என்ற ஒற்றை எண்ணாகச் சுருக்கிவிட முடியாது. அவர் சூழலை மாற்றி மாற்றிப் பார்த்தார். கட்டப்பட்டவரைத் தொட்டு, அவர் கையை உலோகத் தகட்டில் அழுத்திப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்றபோது கடைசிவரை சென்றவர்கள் 30 விழுக்காடு. ஆய்வாளர் அறையை விட்டுப் போய்த் தொலைபேசியில் கட்டளையிட்டபோது ஏறக்குறைய 20 விழுக்காடு. சிலர் ‘கொடுத்துவிட்டேன்’ என்று பொய் சொல்லிவிட்டுக் குறைந்த விசையையே அழுத்தினார்கள். பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு சகாக்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து மறுத்தபோது 40 பேரில் நான்கே பேர் மிஞ்சினார்கள். ஆனால் விசையைச் சகா ஒருவர் அழுத்த, வந்தவருக்குப் பக்கவேலை மட்டும் என்றபோது 37 பேர் கடைசிவரை கூடவே இருந்தார்கள். ஆட்கள் ஒரே மாதிரியானவர்கள். யார் எவ்வளவு அருகில் இருந்தார், பக்கத்தில் இருந்தவர் என்ன செய்தார் என்பவையே முடிவை மாற்றின.

இந்தச் சோதனைகள் மீது பின்னாளில் நியாயமான குற்றச்சாட்டுகள் எழுந்தன. யேல் ஆவணங்களைப் புரட்டிய ஜீனா பெர்ரி, பலருக்கு இது நடிப்பு என்ற சந்தேகம் இருந்ததையும், ஆய்வாளர் எழுதி வைத்த வசனத்தைத் தாண்டி வற்புறுத்தியதையும் எடுத்துக் காட்டினார். ஆயினும் ஜெர்ரி பர்கர், 150 வோல்ட்டில் நிறுத்திக்கொள்ளும்படி சோதனையை மாற்றி நடத்தி 2009இல் வெளியிட்ட முடிவு மில்கிராமுடையதிலிருந்து அதிகம் விலகவில்லை: 70 விழுக்காட்டினர் அந்தப் புள்ளியைத் தாண்டவும் தயாராக இருந்தார்கள். பர்கரின் பதிவுகளில் ஒரு விசித்திரம் தெரிந்தது. ஆய்வாளரிடம் நான்கு வசனங்கள் இருந்தன. கடைசி வசனம் மட்டுமே அப்பட்டமான உத்தரவு, ‘உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்’ என்பது. அதைக் கேட்ட பிறகு ஒருவர்கூடத் தொடரவில்லை.

சமூக உளவியலாளர்கள் ஸ்டீபன் ரைக்கரும் அலெக்ஸ் ஹாஸ்லமும் இதிலிருந்து வேறொரு விளக்கத்துக்கு வந்தார்கள். கீழ்ப்படிபவர் இயந்திரமாகி விடுவதில்லை. தாம் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர் என்று அவர் மனத்துக்குள் தேர்ந்துகொண்டே இருக்கிறார். அறிவியல் என்ற நல்ல காரியத்தில் ஆய்வாளரும் தாமும் கூட்டாளிகள் என்று நம்பும்வரை விசையை அழுத்துகிறார். அடுத்த அறையிலிருந்து வரும் குரல் தம்மைப் போன்ற ஒரு மனிதரின் குரலாகக் கேட்கத் தொடங்கியதும் அந்தக் கூட்டு ஆட்டம் காண்கிறது. மில்கிராமின் சோதனைகளை ஒப்பிட்ட டொமினிக் பாக்கர், மறுத்தவர்கள் மிகுதியாக மறுத்த இடம் 150 வோல்ட் என்று கண்டார். கட்டப்பட்டவர் தம்மை அவிழ்த்துவிடும்படி முதல்முறையாகக் கேட்கும் இடம் அது. அதன் பிறகு அலறல் எவ்வளவு கூடினாலும் மறுப்பு அந்த அளவுக்குக் கூடவில்லை. வலியின் ஓலத்தைவிட, ‘எனக்குச் சம்மதமில்லை’ என்று ஒரு மனிதர் எடுத்துச் சொன்னதே பலமாக வேலை செய்தது.

ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது தெருவிலும் நடந்ததற்குச் சான்றாக 1989 அக்டோபர் 9ஆம் தேதி கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தைச் சொல்லலாம். அந்த ஊரின் நிகோலாய் தேவாலயத்தில் பல ஆண்டுகளாகத் திங்கட்கிழமைதோறும் அமைதி வேண்டி வழிபாடு நடந்துவந்தது. 1989 இலையுதிர்காலத்தில் அது ஊர்வலமாக மாறியது. செப்டம்பர் இறுதியில் சில ஆயிரம் பேர், அக்டோபர் 2ஆம் தேதி அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. நான்கு மாதத்துக்கு முன்பு பெய்ஜிங்கில் போராட்டக்காரர்கள் மீது ராணுவம் நடத்திய படுகொலையைக் கிழக்கு ஜெர்மன் அரசு பகிரங்கமாக ஆதரித்திருந்தது. ‘சீனத் தீர்வு’ இங்கும் வரும் என்று ஊரே பேசிக்கொண்டது. தேவைப்பட்டால் ஆயுதம் ஏந்தியும் சோஷலிசத்தைக் காப்போம் என்று தொழிலாளர் படைத் தளபதி ஒருவரின் கடிதம் உள்ளூர் நாளிதழில் அக்டோபர் 6ஆம் தேதி வந்தது. மருத்துவமனைகளில் ரத்தம் சேர்த்து வைக்கப்பட்டது. ஏறக்குறைய 8,000 பாதுகாப்புப் படையினர் குவிக்கப்பட்டார்கள்.

அன்று பிற்பகல் நிகோலாய் தேவாலயத்தின் இருக்கைகளை நிரப்ப ஆளும் கட்சி தன் உறுப்பினர்கள் பல நூறு பேரை அனுப்பியது. ஊர்மக்களுக்கு இடமில்லாமல் செய்வதே நோக்கம். போதகர் கிறிஸ்டியான் ஃப்யூரர் அவர்களை வெளியே போகச் சொல்லவில்லை. தேவாலயம் எல்லோருக்கும் திறந்தது என்று வரவேற்று, வழிபாட்டில் சேர்த்துக்கொண்டார். எதிர்ப்புக் குழுக்கள் அச்சிட்டுப் பரப்பிய துண்டறிக்கை ஊர்வலத்தினரோடு நில்லாமல், நேராகப் படையினரையும் விளித்துப் பேசியது: வன்முறையைத் தவிருங்கள், நாம் ஒரே மக்கள் என்பது அதன் சாரம். மாலையில் ஊரின் ஒலிபெருக்கிகளில் இன்னொரு வேண்டுகோள் கேட்டது. வாசித்தவர் உலகப் புகழ்பெற்ற இசை நடத்துநர் குர்ட் மசூர். கையெழுத்திட்ட ஆறு பேரில் மூவர் ஆளும் கட்சியின் மாவட்டச் செயலாளர்கள். கட்சிக்காரர்கள் அனைவரும் கொடியவர்கள் என்று போராட்டக்காரர்கள் முடிவு கட்டியிருந்தால் அந்த மூன்று கையெழுத்துகள் அந்தத் தாளில் விழுந்திருக்காது.

ஏறக்குறைய 70,000 பேர் நகரின் வட்டச்சாலையில் நடந்தார்கள். ‘வன்முறை வேண்டாம்’ என்பதே அடிக்கடி எழுந்த முழக்கம். வழியில் ரகசியக் காவல்துறையான ஸ்டாசியின் அலுவலகம் இருந்தது. கல் எறியத் தோதான இடமும், எறியக் காரணமும் அதைவிட வேறெங்கும் கிடையாது. யாரும் எறிய விடாமல் ஊர்வலத்தினரே பார்த்துக்கொண்டார்கள். கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர் ஹெல்முட் ஹாக்கன்பெர்க் பெர்லினுக்குத் தொலைபேசியில் பேசி முடிவு கேட்டார். அங்கே கட்சித் தலைமையில் இருந்த எகோன் கிரென்ஸிடமிருந்து பதில் உடனே வரவில்லை. ஆறரை மணியளவில், தாக்கப்பட்டால் தற்காத்துக்கொள்வது மட்டும் போதும் என்று ஹாக்கன்பெர்க் படையைப் பின்னே நிறுத்தினார். பெர்லினின் சம்மதம் வந்தபோது ஊர்வலத்தின் பெரும்பகுதி கடந்து போயிருந்தது. ஒரு மாதம் கழித்து பெர்லின் சுவர் திறந்தது.

70,000 பேர் திடீரென்று எங்கிருந்து வந்தார்கள்? பொருளியலாளர் டிமூர் குரான் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். அடக்குமுறை ஆட்சியில் மக்கள் மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்றைச் சொல்கிறார்கள். எல்லோரும் அப்படிச் செய்வதால் தம்மைத் தவிர மற்ற எல்லோரும் ஆட்சியை ஆதரிப்பதாக ஒவ்வொருவரும் நினைக்கிறார். ஆஷின் அறையில் இருந்த அழுத்தம் ஒரு நாட்டின் அளவுக்குப் பெரிதானால் இப்படித்தான் இருக்கும். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1978இலேயே இதன் கணக்கைப் போட்டிருந்தார். 100 பேர் இருக்கிறார்கள். முதல் ஆள் யாருக்கும் காத்திராமல் இறங்குவார், இரண்டாமவர் ஒருவர் இறங்கினால் இறங்குவார், மூன்றாமவர் இருவர் இறங்கினால் இறங்குவார் என்று வரிசை போனால் 100 பேரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள். அந்த இரண்டாம் ஆளை மட்டும் இருவருக்காகக் காத்திருப்பவராக மாற்றிவிட்டால், முதல் ஆள் தனியாக நிற்பார். இரண்டு ஊர்களின் மனநிலையும் கிட்டத்தட்ட ஒன்றே; ஓரிடத்தில் எழுச்சி, மற்றோரிடத்தில் ஒரு தனி மனிதன்.

சீருடைக்குள்ளும் இதே கணக்குத்தான் ஓடுகிறது. லைப்சிக்கில் நிறுத்தப்பட்ட தொழிலாளர் படையினர் பக்கத்து ஆலைகளில் வேலை பார்த்தவர்கள். அவர்களில் சிலர் அன்று வரவே இல்லை. ஒருவர் வராவிட்டால் அடுத்தவருக்கு மறுப்பு எளிதாகிறது. இந்த இடத்தில்தான் எதிராளியை அரக்கராக்கும் பேச்சு போராட்டத்துக்கே வினையாகிறது. காவலர்கள் அனைவரும் கூலிப்படை, கொலைகாரர் என்று முழங்கும் கூட்டத்தின் முன் நிற்கும் தயக்கக்காரனுக்குப் போக்கிடம் ஒன்றே ஒன்று: தன் அதிகாரியின் பக்கம். அவனுடைய தயக்கத்தைக் கூட்டமே அணைத்துவிடுகிறது.

இதன் மறுபக்கம் ஆராயப்பட்டிருக்கிறது. 1980 ஏப்ரல் 2ஆம் தேதி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் செயின்ட் பால்ஸ் பகுதியில் நடந்த கலவரத்தை ரைக்கர் ஆய்ந்தார். வெறிபிடித்த கும்பல் என்று எழுதப்பட்ட அந்தக் கூட்டம் காவலர்களையும் அவர்களுடைய வாகனங்களையும் தாக்கியது. அக்கம்பக்கத்து வீடுகளைத் தொடவில்லை. நடுவே சிலர் சாலையில் நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்தவும் செய்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில் ஒரு போக்கு திரும்பத் திரும்பத் தென்பட்டது: காவல்துறை கூட்டம் முழுவதையும் ஒரே ஆபத்தாக நடத்தும்போது, வேடிக்கை பார்க்க வந்தவரும் கல் எறிபவரோடு தம்மைச் சேர்த்துப் பார்க்கத் தொடங்குகிறார். கூட்டத்துக்குப் பொருந்துவது காவலர் வரிசைக்கும் பொருந்தாமல் போக நியாயமில்லை.

அரக்கராக்குதல் கையை எப்படித் தளர்த்திவிடுகிறது என்பதை ஆல்பர்ட் பண்டுராவும் சகாக்களும் 1975இல் காட்டினார்கள். தண்டனையாக மின்னதிர்ச்சி கொடுக்க வந்தவர்களின் காதில், அதைப் பெறப்போகும் குழுவைப் பற்றிய ஒரு பேச்சைத் தற்செயலாக விழுவதுபோல் விழவைத்தார்கள். நல்லவிதமாகச் சொல்லப்பட்ட குழுவுக்குக் குறைவான அதிர்ச்சி. மிருகங்களைப் போன்றவர்கள் என்று சொல்லப்பட்ட குழுவுக்கு மிக அதிகம். பொறுப்பு பலருக்கும் பகிரப்பட்டபோது அளவு மேலும் ஏறியது. தேவைப்பட்டதெல்லாம் ஓரிரு சொற்கள். ஆட்சியாளர்கள் போராட்டக்காரர்களைக் கரப்பான், எலி, கிருமி என்று அழைப்பதன் பயன் இதுதான். போராட்டக்காரர்கள் பதிலுக்கு அதே அகராதியைத் திறந்தால், ஆட்சியாளர்களின் வேலையைக் கூலியில்லாமல் செய்து கொடுக்கிறார்கள்.

எதிராளியின் மனத்தைப் படிப்பதிலும் மனிதர் ஒரே திசையில் தவறுகிறார். ஆடம் வேட்ஸும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும், அமெரிக்காவின் இரு பெரும் கட்சியினரும் கலந்துகொண்டார்கள். தங்கள் தரப்பு மோதுவது தங்கள் மக்கள் மீதுள்ள பாசத்தால், எதிர்த்தரப்பு மோதுவது வெறுப்பால் என்றே எல்லாத் தரப்பாரும் சொன்னார்கள். சரியாகக் கணித்தால் பணம் உண்டு என்று சொன்னபோது அமெரிக்கக் கட்சியினரிடம் இந்தச் சாய்வு குறைந்தது.

போராட்ட இயக்கத்துக்குள் இருக்கும் அழுத்தத்தை ஆய்வாளர்கள் சற்றுத் தாமதமாகவே கவனித்தார்கள். ஆட்சிக்கு எதிராக எழுந்தவர்கள் தங்கள் கூட்டத்துக்கு எதிராக எழத் தயங்குவார்கள். கடுமையாகப் பேசுபவர் தியாகியாகத் தெரிகிறார். எதிராளியிடம் பேசிப் பார்க்கலாம் என்பவர் கறுப்பு ஆடாகிறார். ராப் வில்லரும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட சோதனையில் மது ருசிபார்க்கும் குழு ஒன்று அமைத்தார்கள். குழுவின் பொய்யான மதிப்பீட்டுக்கு ஒத்து ஊதியவர்கள், தனியாக உண்மையைச் சொன்ன ஒருவரைப் பகிரங்கமாக மதிப்பிட நேர்ந்தபோது மட்டம்தட்டினார்கள். ரகசியமாக மதிப்பிட்டவர்கள் அப்படிச் செய்யவில்லை. தாம் பயத்தால் இணங்கவில்லை, மனமார நம்புகிறோம் என்று காட்டிக்கொள்ளவே அந்தக் கண்டிப்பு. ஓர் இயக்கத்தில் யாருமே முழுதாக நம்பாத ஒரு கடுஞ்சொல் எல்லோர் வாயிலும் புழங்குவதற்கு இந்த ஒரு வழி போதும். வெளியே அதன் விலை வேறு: சாலையை மறிப்பது, உடைமையைச் சேதப்படுத்துவது போன்றவை செய்தியில் இடம் பிடித்துத் தருகின்றன, ஆனால் பொதுமக்களின் ஆதரவைக் குறைக்கின்றன என்று மாத்யூ ஃபைன்பெர்க்கும் வில்லரும் 2020இல் காட்டினார்கள்.

அழுத்தத்தை எதிர்க்கப் பழக்கலாம் என்று நம்பி அதைப் பாடமாகவே நடத்தியவர் ஜேம்ஸ் லாசன். 1953 முதல் மூன்றாண்டுகள் நாகபுரியில் இருந்து காந்தியின் முறைகளைக் கற்ற அமெரிக்கப் போதகர். நாஷ்வில் நகரில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் கறுப்பின மாணவர்களுக்கு அவர் பயிற்சி தந்தார். சிலர் உணவுக்கடையில் அமர்ந்தவர்களாக நடிப்பார்கள். மற்றவர்கள் வெள்ளை இளைஞர்களாகி வசைபாடி, தலைமுடியைப் பிடித்து இழுத்து, நாற்காலியிலிருந்து தள்ளுவார்கள். பிறகு வேடம் மாறும். அடி வாங்கிப் பழகுவதோடு, அடிப்பவனாக நின்று பார்ப்பதும் பயிற்சியில் அடங்கும்.

1960 பிப்ரவரியில் அந்த மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் பரிமாறிய கடைகளில் போய் அமர்ந்தார்கள். ஏப்ரல் 19ஆம் தேதி விடியலில் அவர்களுடைய வழக்கறிஞரின் வீட்டில் குண்டு வெடித்தது. அன்றே சில ஆயிரம் பேர் பேச்சின்றி நடந்து நகர மன்றத்துக்குப் போனார்கள். படிக்கட்டில் மேயர் பென் வெஸ்ட் நின்றார். ஊர்வலத்தில் வந்த போதகர் சி. டி. விவியன் மேயரைக் கடுமையாகச் சாடும் அறிக்கையை வாசித்தார். மேயருக்குக் கோபம் வந்தது; வாக்குவாதம் மூண்டது. அப்போது டயான் நாஷ் என்ற மாணவி வேறொரு கேள்வி கேட்டார்: ஒருவரை நிறத்தைக் கொண்டு ஒதுக்குவது தவறு என்று அவர் மனிதராக நினைக்கிறாரா? வெஸ்ட் ஆமாம் என்றார். உணவுக்கடைகளில் பிரிவினையை நீக்க வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டார். மே 10ஆம் தேதி நகரின் முக்கியக் கடைகள் சில கறுப்பினத்தவருக்கும் பரிமாறத் தொடங்கின. விவியனின் அறிக்கையில் பொய் ஏதுமில்லை. ஆனால் அது மேயர் பதவியைத் தாக்கியது. பதவி பதிலுக்குத் தன்னைக் காத்துக்கொண்டது. நாஷ் பதவியை ஒதுக்கி வைத்துவிட்டு ஆளிடம் பேசினார். அவர் குற்றத்தைக் குறைத்துச் சொல்லவும் இல்லை, கோரிக்கையை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

எதிராளியை மனிதராக நடத்தும் இந்த வழியை எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் சாவியாக எண்ணிவிடக் கூடாது. எரிகா செனோவெத்தும் மரியா ஸ்டீபனும் 1900 முதல் 2006 வரை நடந்த 323 எழுச்சிகளை எண்ணிப் பார்த்ததில், ஆயுதமற்றவற்றில் 53 விழுக்காடும் ஆயுதம் ஏந்தியவற்றில் 26 விழுக்காடும் வென்றன. படையினர் கட்சி மாறுவதை முக்கியக் காரணங்களுள் ஒன்றாக அவர்கள் சொன்னார்கள். அதே கணக்கின்படி அமைதியான எழுச்சிகளிலும் கிட்டத்தட்டப் பாதி வெல்லவில்லை.

பெய்ஜிங்கின் 1989 மே மாதம் அதற்குச் சாட்சி. ராணுவம் முதலில் நகருக்குள் வந்தபோது மக்கள் வண்டிகளைச் சூழ்ந்து, சிப்பாய்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்து, பேசியே நிறுத்தி வைத்தார்கள். படை பின்வாங்கியது. 38ஆம் படைப்பிரிவின் தளபதி ஷூ சின்ஷியென் மக்கள் மீது படையை நடத்த மறுத்தார். ஆட்சி அதிலிருந்து பாடம் கற்றது. தொலைமாகாணங்களிலிருந்தும் படைகளை வரவழைத்தது, நகர மக்களோடு கலக்காமல் வைத்தது, கலகக்காரர்களை ஒடுக்கப் போவதாகச் சொல்லியே ஜூன் 3ஆம் தேதி இரவு அனுப்பியது. ஷூவின் படைப்பிரிவும் வேறு தலைமையின்கீழ் அந்த இரவில் சுட்டது. ஷூவுக்கு ஐந்தாண்டுச் சிறை. கட்சியிலிருந்தும் நீக்கப்பட்ட அவர் 2021 ஜனவரியில் இறந்தார்.